திமிரா, டிப்ரஷனா? வளரும் பிள்ளைகளின் மனநலத்தைப் புரிந்துகொள்ள

ஒரே வகுப்பில், ஒரே வாரத்தில் நடந்த இரண்டு விஷயங்கள். வகுப்புத் தேர்வில் மதிப்பெண் குறைந்த ஒரு மாணவி, மதிய இடைவேளையில் தோழிகளிடம் "நான் ஒரே டிப்ரஷன்ல இருக்கேன்டி" என்றாள். சாயங்காலம் அதே தோழிகளோடு ஐஸ் வாங்கித் தின்றபடி வீட்டுக்குப் போனாள். அதே வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு பையன். ஒரு மாதமாகவே எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான், நோட்டு எடுத்து வருவதில்லை, கிரிக்கெட் அணியிலிருந்து தானாகவே விலகிவிட்டான். ஆசிரியர் அறையில் அவனைப் பற்றி எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தைதான்: திமிர். நானும் அதைத்தான் சொன்னேன்.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது அந்தப் பையனுக்குத்தான் என்று பிறகு தெரிந்தது.

டிப்ரஷன், ஆன்சைட்டி, ஹைப்பர் ஆக்டிவ் எல்லாம் இப்போது எல்லோர் வாயிலும் புழங்குகின்றன. ஒருநாள் சோகத்துக்கும் அதே சொல், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோய்க்கும் அதே சொல். இன்னொரு பக்கம், உண்மையிலேயே தவிக்கும் பிள்ளைக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் சோம்பேறி, கொழுப்பு, நடிப்பு, செல்போன் பைத்தியம். இந்த இரண்டு தவறுக்கும் நடுவில்தான் பல பிள்ளைகள் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போகிறார்கள்.

நான் மருத்துவர் இல்லை. எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு தினமும் இருக்கும் ஆசிரியை. நோய்க்குப் பெயர் வைப்பது ஆசிரியர் வேலையும் இல்லை, பெற்றோர் வேலையும் இல்லை. ஆனால் 'இதை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்' என்று கண்டுபிடிப்பது நம் வேலை. அதற்கு வேண்டிய அளவு மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இன்னும் அதிகம்: 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவர். குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் மூன்று பேர். என் வகுப்பில் அந்த மூன்று பேர் யார் என்று நான் யோசிக்கத் தொடங்கியதே ரொம்பத் தாமதமாகத்தான்.

## காய்ச்சலை வைத்து யோசித்துப் பாருங்கள்

பிள்ளைக்கு உடம்பு சுட்டால் என்ன செய்கிறோம்? நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம். ரசம் சாதம் கொடுத்துப் படுக்க வைக்கிறோம். மறுநாள் விட்டுவிட்டால் சரி. மூன்று நாள் ஆகியும் விடவில்லை என்றால் ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். காய்ச்சல் அடிக்கிறதே என்று எந்த வீட்டிலும் பிள்ளையைத் திட்டுவதில்லை. காய்ச்சல் தனி நோய் இல்லை, உள்ளே ஏதோ நடக்கிறது என்று உடம்பு காட்டும் அடையாளம் என்பது எல்லோருக்கும் தெரியும். அது வெறும் சளியாகவும் இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம்.

கோபம், அழுகை, பேச்சு குறைவது, மார்க் சரிவது, பள்ளிக்குப் போகமாட்டேன் என்பது, இவையும் காய்ச்சல் மாதிரிதான். இவற்றை அறிகுறி என்கிறோம். பல அறிகுறிகள் ஒன்றுசேர்ந்து, நாள்கணக்கில் நீடித்து, பிள்ளையின் அன்றாட வாழ்க்கையையே முடக்கும்போதுதான் மருத்துவர்கள் அதைக் கோளாறு என்கிறார்கள். ஒரு அறிகுறியைப் பார்த்த உடனே கோளாறு என்று முடிவு கட்டுவது, உடம்பு சுட்டதும் டெங்கு என்று அலறுவதைப் போல.

சரி, மனதுக்குத் தெர்மாமீட்டர் எது? மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி, எவ்வளவு நாளாக? பரீட்சை முடிவு வந்த வாரத்தில் பிள்ளை முகம் வாடியிருந்தால் அது இயல்பு. தாத்தா இறந்த மாதத்தில் அழுதால் அதுவும் இயல்பு. காரணம் விலகிய பின்னும், இரண்டு வாரம் தாண்டியும், கிட்டத்தட்ட தினமும் அப்படியே இருந்தால் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, எத்தனை இடத்தில்? கணக்கு வகுப்பில் மட்டும் வம்பு செய்யும் பையனுக்குப் பெரும்பாலும் கணக்கோடு பிரச்சினை, அல்லது கணக்கு வாத்தியாரோடு. வீட்டில், பள்ளியில், டியூஷனில், உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் என்று எங்கே போனாலும் அதே மாதிரி இருந்தால் விஷயம் பிள்ளைக்குள்ளே இருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். எது நின்றுபோனது? தூக்கம், சாப்பாடு, குளியல், படிப்பு, நண்பர்கள், விளையாட்டு. இவற்றில் எது முன்பு இருந்து இப்போது இல்லை? மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன்பு இதே பிள்ளை எப்படி இருந்தது என்று மட்டும் பாருங்கள். பிறவியிலேயே அமைதியான பெண் அமைதியாக இருந்தால் கவலை இல்லை. வாயாடிப் பெண் மௌனமானால்தான் கவலை.

சுருக்கமாக: ஒரு குணத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நாள், இடம், நின்றுபோனது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## ஏன் இந்த வயதிலேயே?

வாழ்நாளில் வரக்கூடிய மனநலக் கோளாறுகளில் ஏறக்குறைய பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன. அதற்கு மூளை வளரும் விதமும் ஒரு காரணம்.

பயம், கோபம், ஆசை போன்றவற்றைக் கிளப்பிவிடும் பகுதிகள் மூளையின் உள்ளடுக்கில் இருக்கின்றன. அவை பருவ வயதிலேயே முழுவேகம் எடுத்துவிடும். 'பொறு, யோசி' என்று பிடித்து நிறுத்தும் முன்மூளை நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுசாக முதிர இருபது வயதைத் தாண்டி நாலைந்து வருடம் ஆகும். காளை வளர்ந்துவிட்டது, மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கும் கை இன்னும் சின்னப் பையனுடைய கை. பதினாலு வயதில் சின்னச் சொல்லுக்கும் கதவை அறைந்து சாத்துவது இதனால்தான். அது நோய் இல்லை.

தூக்கமும் இப்படித்தான். தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு இந்த வயதில் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. பத்து மணிக்குப் படு என்றால் பிள்ளையால் தூங்க முடிவதில்லை. காலை ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்பினால் எழவும் முடிவதில்லை. பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் தூக்கக் கடனோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். எரிச்சல், மறதி, கவனச்சிதறல் என்று ஒரு பிள்ளையைப் பற்றிப் புகார் வந்தால், எத்தனை மணிநேரம் தூங்குகிறது என்று முதலில் கேளுங்கள். பதின்வயதினருக்கு எட்டு மணிநேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும்.

## பதற்றம்: வயிற்றுவலி பொய் இல்லை

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பான். திங்கள் காலை ஆறரைக்கு எழுப்பினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவான். "அம்மா, நெஜமா வலிக்குதும்மா." சில நாள் வாந்தியும் எடுப்பான். எட்டே முக்காலுக்கு அம்மா வேறு வழியில்லாமல் "சரி, இன்னிக்கு ஒருநாள் இரு" என்பார். பத்து மணிக்கு எழுந்து தோசை கேட்பான். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், எல்லாம் நார்மல். "நடிக்கிறான் டீச்சர். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல" என்று அந்த அம்மா என் முன்னால் கண்கலங்கி நின்றார்.

அவன் நடிக்கவில்லை. எப்படி என்று சொல்கிறேன்.

இருட்டில் கயிற்றை மிதித்தால் பாம்பென்று துள்ளுகிறோம் இல்லையா? அது கயிறு என்று அறிவுக்குத் தெரிவதற்கு முன்பே கால் எகிறிவிடுகிறது. மூளையின் உள்ளே அமிக்டலா என்று பாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று சந்தேகம் வந்தாலே மணி அடிப்பது அதன் வேலை. மணி அடித்ததும் அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு வாங்கும், ஓடுவதற்காகக் கைகால் தசைகளுக்கு ரத்தம் பாயும். அந்த நேரத்தில் செரிமானம் அவசர வேலை இல்லை என்பதால் குடலுக்குப் போகும் ரத்தம் குறையும். வயிறு பிசையும், குமட்டும், சிலருக்கு வயிற்றுப்போக்கே வரும். நேர்முகத் தேர்வுக்குப் போகும் காலையில் இரண்டு தடவை கழிவறைக்குப் போன அனுபவம் பெரியவர்களுக்கும் இருக்கும்.

பதற்றக் கோளாறு என்பது, பாம்பு இல்லாத இடத்திலும் அந்த மணி ஓயாமல் அடிப்பது. அந்தப் பையனுக்குப் பாம்பு எது என்பது பிறகு தெரிந்தது. ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கும்போது நாக்கு குழறியது, வகுப்பே சிரித்தது. அவ்வளவுதான். நமக்கு 'அவ்வளவுதான்' என்று தோன்றும் விஷயம் அவனுடைய மூளையில் பாம்பாகப் பதிந்துவிட்டது. பள்ளிச் சீருடையைப் பார்த்தாலே மணி அடித்தது.

அடுத்து நடப்பதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. ஒரு தெருவில் நாய் குரைக்கிறது. பயந்து திரும்பி வேறு தெரு வழியாகப் போகிறோம். உடனே நிம்மதி வருகிறது. அந்த நிம்மதி மூளைக்கு ஒரு பரிசு. 'திரும்பிப் போனதால்தான் தப்பித்தாய்' என்று மூளை குறித்துக்கொள்கிறது. அந்த நாய் வெறுமனே குரைக்குமே தவிரக் கடிக்காது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கவே இல்லை. மறுநாள் பயம் இன்னும் கொஞ்சம் பெரிதாகிறது. கடைசியில் அந்தத் தெருவையே மறந்துவிடுகிறோம். உளவியலில் இதற்குத் தவிர்ப்பு என்று பெயர். பத்து மணிக்கு வயிற்றுவலி நின்றது பொய் என்பதால் இல்லை, மணி ஓய்ந்துவிட்டதால். ஆனால் வீட்டில் இருந்த ஒவ்வொரு திங்கட்கிழமையும் அடுத்த திங்கட்கிழமையைக் கடினமாக்கியது.

அதனால்தான் இதில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. அடித்து இழுத்துப் போனால் பயம் கூடும். பாவம் என்று மாதக்கணக்கில் வீட்டிலேயே வைத்துக்கொண்டாலும் பயம் கூடும். சின்னச் சின்னப் படியாக, பக்கத்தில் ஒருவர் துணை நின்று, நாய் இருக்கும் தெருவில் நடக்கப் பழக்குவதுதான் வழி.

பதற்றம் எப்போதும் வயிற்றுவலியாகத்தான் வரும் என்றில்லை. நூறு தடவை "எல்லாம் சரியா இருக்குமாம்மா?" என்று கேட்கும் பிள்ளை, ஒரு எழுத்து கோணினால் பக்கத்தையே கிழித்துத் திரும்ப எழுதும் பெண், வீட்டில் கலகலவென்று பேசி வகுப்பில் வாயே திறக்காத சிறுவன், இவர்கள் எல்லோரையும் 'நல்ல பிள்ளை' என்று நாம் பாராட்டிக்கொண்டிருப்போம். யாருக்கும் தொந்தரவு தராத பதற்றம்தான் கடைசியில் கவனிக்கப்படுகிறது. திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, 'செத்துவிடுவேன்' என்ற பயம் வந்து, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்குவதும் உண்டு. அதைப் பீதித் தாக்கு என்கிறார்கள். முதல் தடவை வந்தால் டாக்டரிடம் காட்டி இதயத்தில் ஒன்றுமில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சுருக்கமாக: பதற்றத்தில் உடம்பு வலி நிஜம், ஆபத்துதான் நிஜமில்லை. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும்.

## மனச்சோர்வு: நாக்கு கசப்பதைப் போல

மனச்சோர்வு என்றதும் மூலையில் உட்கார்ந்து அழும் பிள்ளையைத்தான் நினைக்கிறோம். பெரியவர்களிடம் சோகமாகத் தெரிவது பிள்ளைகளிடம் பல நேரம் எரிச்சலாகத்தான் வெளிவரும். மருத்துவர்கள் பயன்படுத்தும் வரையறையிலேயே, பிள்ளைகளுக்குச் சோகத்துக்குப் பதில் எரிச்சலையும் முதன்மை அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். திமிர் என்று நாம் பெயர் வைப்பது இங்கேதான்.

கடும் காய்ச்சலில் பிரியாணி வாங்கிக் கொடுத்தாலும் மண்ணாகத்தான் இருக்கும். பிரியாணியில் ஒரு குறையும் இல்லை, ருசி பார்க்கும் நாக்குதான் கசந்துகிடக்கிறது. மனச்சோர்வில் மனதுக்கு அதே நிலை. நம் கடைசி பெஞ்சுப் பையனிடம் பி.டி. சார் கேட்டார், "ஏன்டா விளையாட வரல?" "நல்லா இல்ல சார்." "எதுடா நல்லா இல்ல?" கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எதுவுமே" என்றான். அந்த ஒரு வார்த்தைதான் அவரை உறுத்தியது. அவர்தான் பெற்றோரை வரவழைத்தார்.

பிடித்தது பிடிக்காமல் போவதுதான் மனச்சோர்வின் மைய அடையாளம். படிப்பு பிடிக்காமல் போவதைச் சொல்லவில்லை, அது பலருக்கும் உண்டு. கிரிக்கெட், கோலம், நாய்க்குட்டி, நண்பனின் பிறந்தநாள், பிடித்த நடிகரின் படம் என்று எதிலும் மனம் ஒட்டாமல் போவது. அதோடு தூக்கம் கெடும், அல்லது எந்நேரமும் தூக்கமாக இருக்கும். சாப்பாடு குறையும், அல்லது கட்டுப்பாடில்லாமல் கூடும். உடம்பு அசதியாக இருக்கும். 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற பேச்சு வரும். இப்படிப் பலவும் சேர்ந்து இரண்டு வாரத்துக்குமேல், நாளின் பெரும்பகுதி நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இது ஒரு சுழல் மாதிரி இறுகும். ருசி இல்லாததால் பிள்ளை விளையாடப் போவதில்லை. போகாததால் நண்பர்கள் விலகுகிறார்கள். தனிமையில் சோர்வு கூடுகிறது, இன்னும் ஒதுங்குகிறது. 'வெளியே போய் நாலு பேரோட பழகினா சரியாயிடும்' என்று நாம் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எழுந்து நிற்கவே தெம்பில்லாதவனிடம் ஓடச் சொல்வதாகத்தான் அது அவன் காதில் விழும்.

செல்போனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லாப் பழியையும் அதன்மேல் போடுவது சுலபம். ராத்திரி இரண்டு மணிவரை போன் பார்த்தால் தூக்கம் கெட்டு மனமும் கெடும், அது உண்மைதான். ஆனால் பல பிள்ளைகள் ஏற்கெனவே சோர்ந்துபோய், ஒளிந்துகொள்ள ஒரு இடம் தேடித்தான் போனுக்குள் போகிறார்கள். போனைப் பிடுங்கினால் ஒளியும் இடம் போகும், சோர்வு போகாது. முதலில் வந்தது எது என்று கேளுங்கள்.

சுருக்கமாக: அழுகையைவிட, பிடித்ததெல்லாம் கைவிட்டுப் போவதையும் ஓயாத எரிச்சலையும் பாருங்கள்.

## கவனக்குறைவும் கற்றல் குறைபாடும்

"மூணு மணிநேரம் அசையாம கேம் ஆடுறான் டீச்சர். அவனுக்கா கவனம் இல்ல?" இதைக் கேட்காத பெற்றோர் கூட்டம் கிடையாது.

ஏ.டி.எச்.டி. என்று சொல்கிறோமே, அந்தக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறில் கவனமே இல்லை என்று அர்த்தமில்லை. கவனத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரம் நிறுத்த முடிவதில்லை. கேமில் நொடிக்கு நொடி பரிசு, புள்ளி, சத்தம். கவனத்தை அது தானாகவே பிடித்து வைத்துக்கொள்ளும். வரலாற்றுப் பாடத்தில் அப்படி எதுவும் கிடையாது, நாமேதான் கவனத்தைப் பிடித்து வைக்க வேண்டும். தண்ணீர் நிறைய ஓடும் வாய்க்காலில் மடைப்பலகை சரியாக நிற்காவிட்டால், தண்ணீர் பள்ளமான வயலுக்கே பாயும், நெற்பயிர் காயும். அது மாதிரி. இது 12 வயதுக்கு முன்பே தென்படத் தொடங்கியிருக்க வேண்டும், வீடு பள்ளி என்று ஒன்றுக்குமேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் திடீரென்று முளைத்த கவனக்குறைவுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும்: தூக்கமின்மை, சோர்வு, பயம். ஓடிக்கொண்டே இருக்கும் பையன்களை எல்லோரும் கவனிக்கிறார்கள். ஜன்னல் பக்கம் பார்த்துக் கனவு கண்டுகொண்டிருக்கும் பெண்பிள்ளைக்கும் இதே கோளாறு இருக்கலாம். அவளை யாரும் கவனிப்பதில்லை.

கற்றல் குறைபாடு வேறு. வாயால் கேட்டால் டாண் டாண் என்று பதில் சொல்லும் பிள்ளை, எழுதச் சொன்னால் திணறும். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கும், வரி தாண்டிப் போகும், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாகத் தப்பாக எழுதும். ல, ள, ழ குழப்பம் நம் எல்லோருக்கும் உண்டு, அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஏழாம், எட்டாம் வகுப்பிலும் வாசிப்பு இரண்டாம் வகுப்பு வேகத்தில் நின்றுவிட்டதா என்று பாருங்கள். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் குறைபாடாக ஏற்றிருக்கிறது. முறையாகச் சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் போன்ற சலுகைகள் உண்டு. பல பெற்றோர் வெட்கப்பட்டுக்கொண்டு அதைக் கேட்பதே இல்லை.

## பொய், திருட்டு, திடீர் மாற்றம்

எப்போதாவது பொய் சொல்லாத பிள்ளை கிடையாது. மாதக்கணக்கில் தொடரும் திருட்டு, விலங்குகளைக் கொடுமைப்படுத்துவது, வீட்டைவிட்டு ஓடுவது, பள்ளி மிரளும் அளவுக்கு அடிதடி, இதெல்லாம் தண்டனையால் மட்டும் தீராது, உதவி தேவை. காசு காணாமல் போவது, புதுச் சேர்க்கை, சிவந்த கண், உதட்டுக்கு அடியில் எதையோ ஒதுக்கி வைத்திருப்பது என்று சேர்ந்து வந்தால் போதைப்பொருளையும் யோசிக்க வேண்டும்.

திடீர் மாற்றத்துக்கு இன்னொரு காரணத்தை நாம் நினைக்கவே பயப்படுகிறோம். ஒரு குறிப்பிட்ட ஆளைப் பார்த்தால் ஒதுங்குவது, ஒரு வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடிப்பது, நின்றுபோன படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்புவது. யாரோ அந்தப் பிள்ளையைத் தவறாகத் தொட்டிருக்கலாம். பிள்ளை சொன்னால் நம்புங்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்பதுதான் முதலில் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தை. குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண் இதற்காகவும் இருக்கிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் சொல்லாமல் மறைப்பது குற்றம்.

## காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இதுவரை சொன்னதற்கெல்லாம் இரண்டு வாரம், ஆறு மாதம் என்று கணக்கு இருந்தது. இங்கே கணக்கு கிடையாது. அன்றைக்கே போக வேண்டும்.

சாவைப் பற்றிப் பேசுவது, எழுதுவது. 'நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி' என்பது. ஆசையாக வைத்திருந்த பொருளை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடுவது. அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் தன்னுடைய பேட்டை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் "நீயே வச்சுக்கோ" என்று கொடுத்திருந்தான். எவ்வளவு நல்ல மனசு என்று நாங்கள் நினைத்தோம். அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை, இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, கையில் வரிசையாகக் கீறல்கள், இவை தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதன் அடையாளமாக இருக்கலாம். அதைச் சுயகாயம் என்கிறோம். கவனத்தை ஈர்க்கத்தான் செய்கிறாள் என்று தள்ளிவிடாதீர்கள். தாங்க முடியாத மனவலியைச் சற்று நேரம் அடக்கத்தான் பெரும்பாலானவர்கள் அப்படிச் செய்கிறார்கள், அதையும் மறைத்துத்தான் செய்கிறார்கள்.

யாரோ பேசுவது காதில் கேட்கிறது, டிவியில் என்னைப் பற்றித்தான் சொல்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று பிள்ளை சொல்லத் தொடங்கினாலும் தாமதிக்க வேண்டாம். பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் இது தலைகாட்டும். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவது உங்கள் நம்பிக்கை, போங்கள். ஆனால் அதே வாரத்தில் டாக்டரிடமும் போங்கள். இந்த நோயில் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று பலர் தயங்குகிறார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அது தவறான பயம். நேராகக் கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை, பாரத்தை இறக்கி வைக்க ஒரு இடம் தருகிறது. "ரொம்ப நாளா கஷ்டப்படுற மாதிரி தெரியுதுப்பா. உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணுதா?" ஆமாம் என்றால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், குடும்ப மானத்தை இழுக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, மாத்திரை எல்லாவற்றையும் அன்றே அப்புறப்படுத்துங்கள். மத்திய அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாட்டில் 104 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

## யாரிடம் போவது, என்ன கொண்டு போவது

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதித் தருபவர். உளவியலாளர் மருந்து தரமாட்டார், பரிசோதனைகள் செய்வார், பேச்சு வழியான சிகிச்சை தருவார். பல பிள்ளைகளுக்கு மருந்தே தேவைப்படாது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காய்ச்சலுக்குச் சீட்டு போடுவதைப் போலவே போட்டுக் காட்டலாம். ரத்தசோகையும் தைராய்டும்கூடச் சோர்வாகத் தெரியும் என்பதால் ரத்தம் பார்க்கச் சொன்னால் பாருங்கள்.

போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டு போங்கள். 'இவன் சரியில்ல டாக்டர்' என்பதைவிட, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மணிக்குத் தூங்கினான், எது நின்றுபோனது, பள்ளியில் என்ன சொன்னார்கள் என்று இரண்டு வாரம் எழுதியது ஆயிரம் மடங்கு உதவும். பிள்ளையின் முன்னால் குற்றப்பத்திரிகை வாசிக்காதீர்கள். டாக்டர் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

அந்த வயிற்றுவலிப் பையனின் அம்மாவும் அப்படி ஒரு நோட்டு எழுதினார். அதைப் பார்த்துத்தான் திங்கள், புதன் மட்டும் வலி வருகிறது என்று தெரிந்தது. அந்த இரண்டு நாளும் முதல் பீரியடில் வாசிப்பு. உளவியலாளர் ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார். முதல் நாள் சீருடை போட்டுக்கொண்டு பள்ளி கேட் வரை வந்து திரும்பினால் போதும். அடுத்து, நூலகத்தில் ஒரு மணிநேரம். அப்புறம் இரண்டாவது பீரியடிலிருந்து வகுப்பு. ஒன்பதாவது வாரம், மதிய இடைவேளையில், காலி வகுப்பறையில், எனக்கு மட்டும் ஒரு பத்தி வாசித்துக் காட்டினான். நாலாவது வரியில் குழறியது. நிறுத்தினான், என் முகத்தைப் பார்த்தான், அந்த வரியை முதலிலிருந்து வாசித்தான்.

இப்போதும் சில திங்கட்கிழமைகளில் வயிறு வலிக்கிறதாம். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறான்.